சின்னவள் கேட்ட படம்

அந்த அறையில் இருந்தவர்கள்: குழந்தையின் அப்பன், லாரி டிரைவர். அவனோடு வண்டியில் போகும் கிளீனர், தலை நரைத்த ஆள். குழந்தைக்குத் தாய்மாமன், ஸ்டுடியோ வைத்திருப்பவர். அவருடைய மனைவி, அதாவது பெற்றவளுக்கு அண்ணி. குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கி வந்த நர்ஸ். பிறகு குழந்தை.

இல்லாதவள் ஒருத்திதான், பெற்றவள். அறுவை முடிந்த கையோடு வலிப்புக் கண்டு, கீழ்த்தளத்தில் மயக்க மருந்தில் கிடந்தாள்.

"சீக்கிரம் பாத்துட்டுக் குடுங்க. பெரிய நர்சம்மா வந்தா என்னைத்தான் வறுத்து எடுக்கும்" என்றாள் நர்ஸ்.

டிரைவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். கிளீனரும் எடுத்தார். அண்ணி கைப்பையின் ஜிப்பை இழுத்தாள்.

"எல்லாரும் போன உள்ள வைங்க" என்றார் ஸ்டுடியோக்காரர். கேமராவைக் கழுத்தில் மாட்டி, லென்ஸ் மூடியைக் கழற்றிப் பல்லில் கடித்திருந்தார். அதை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஊர்ல இருக்கிற புள்ளைங்கள எல்லாம் கேமராவுல எடுத்துட்டு, என் மருமகள போன்லயா எடுக்கறது?"

"சும்மா ஒரு ஞாபகத்துக்கு மச்சான்."

"ஞாபகத்துக்குத்தான நான் வந்திருக்கேன். தள்ளு மாப்ள, வெளிச்சத்த மறைக்கற."

டிரைவர் தள்ளி நின்றான். கிளீனர் போனைப் பையில் போட்டுக்கொண்டே, "மாமன் எடுக்கற படத்துல புள்ள பொறந்த உடனே டாக்டர் ஆயிரும் போல" என்றார். நர்ஸ் சிரித்தாள். எல்லோருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் முன்கூட்டிப் பிறந்துவிட்டது, எடை குறைவு, இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்று மட்டும்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணி வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருஷக்கணக்காக அவள் வேலை அது. ஜன்னல் வெளிச்சத்தை அட்டையில் வாங்கி, எடுக்கிற முகத்தின் இருட்டுப் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். மூக்கின் நிழல் கன்னத்தில் நீளக் கூடாது. கழுத்தடியில் கறுப்பு கட்டக் கூடாது. "கொஞ்சம் மேல, கொஞ்சம் மேல, அப்படியே" என்று அவர் சொல்லச் சொல்ல அட்டையை ஏற்றி இறக்கினாள். குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் பார்த்தது வெளிச்சத்தை. முகத்தைப் பிறகு படத்தில் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். அவர்கள் வீட்டில் எந்த முகத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

மறுநாள் விடியுமுன் குழந்தைக்கு மூச்சுத் திணறி, நின்றுபோனது.

பெற்றவளுக்கு நினைவு தெளிந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவளுக்காகக் காத்திருக்கலாமா என்று டிரைவர் கேட்டுப் பார்த்தான். அவள் எப்போது கண் திறப்பாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கண் திறந்ததும் முதலில் வயிற்றைத் தடவினாள். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டிரைவருக்கு லோடு காத்திருந்தது. போகாவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். சின்னவளை அவள் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

சின்னவள் என்பதுதான் அந்த வீட்டில் அவளுக்குப் பெயர். ஸ்டுடியோக்காரருக்கு ஒரே தங்கை. பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் லைனில் நிற்பவள். வாய் கொஞ்சம் நீளம். அண்ணனை முகத்துக்கு நேராகவே "வெளிச்சம் வியாபாரி" என்பாள். அண்ணிக்கும் அவளுக்கும் நாத்தனார் சண்டை உண்டு. ஆனால் அண்ணனுக்கு எதிராக என்றால் இருவரும் ஒரே கட்சி.

வீடு என்பது தெருவைப் பார்த்த ஒரு அறை ஸ்டுடியோ, அதன் முதுகில் ஒட்டிய இரண்டு அறைகள், சமையலறை, கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற இடம். வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் தனிக் கதவு. மழை பிடித்துக்கொண்ட மாதம். கொடியில் போட்ட துணி காயாமல் அறை முழுக்கப் புழுங்கிய வாசனை. கேமரா லென்ஸ்களில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அவற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே ஒரு சின்ன பல்பை எரியவிட்டிருந்தார் ஸ்டுடியோக்காரர். வீட்டில் ஈரமில்லாத இடம் அந்த டப்பா ஒன்றுதான்.

சின்னவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. மாத்திரை கொடுத்திருந்தார்கள். அண்ணி பழைய துண்டைக் கிழித்து மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள். கட்டும்போது சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அண்ணன் படம் எடுத்தானாமே."

"எடுத்தாரு."

"எங்க?"

"கேமராவுலதான் இருக்கு. யாரும் பைய கீழ எறக்கவே இல்ல. பரண்லயே கெடக்கு."

"எறக்கச் சொல்லுங்க. நான் பாக்கணும்." அண்ணி முடிச்சுப் போட்டதும், "எல்லாரும் பாத்துட்டீங்க அண்ணி. கிளீனர்கூடப் பாத்துட்டாரு. நான்தான் பாக்கல" என்றாள்.

மறுநாள் காலை கடை ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு, ஸ்டுடியோக்காரர் பையை இறக்கினார். கார்டை உருவி அண்ணியிடம் கொடுத்தார். கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. பரு நீக்குவது, முகத்தை வெளுப்பது, கண்ணை மூடிக்கொண்ட மாமாவுக்கு வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பது எல்லாம் அவள் கைவேலை. ஒருமுறை அவசரத்தில் மாப்பிள்ளையின் கண்ணை மாமனாருக்கு வைத்துவிட்டாள். அந்த வீட்டார் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. மாமனார் இளமையாக இருக்கிறார் என்று பாராட்டினார்கள்.

கார்டைச் செருகினாள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சக்கரம் சுற்றியது. பிறகு, இந்தக் கார்டை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று கேட்டது. அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிடட்டுமா என்று.

அவள் வேண்டாம் என்பதை அமுக்கினாள்.

"என்ன?"

"படிக்க மாட்டேங்குது."

"எடுத்து மறுபடி போடு."

போட்டாள். மறுபடியும் அதே கேள்வி.

"கேமராவுலயே போட்டுப் பாப்போம்" என்று அவர் வாங்கிப் போட்டார். திரையில் கார்டு பிழை என்று வந்தது. எடுத்து வாயால் ஊதினார். சட்டை நுனியால் துடைத்தார். பிறகு மேஜை டிராயரில் துழாவிப் பென்சில் ரப்பரை எடுத்து, கார்டின் பொன்னிறப் பற்களின் மேல் மெதுவாகத் தேய்த்தார். கடையில் பழைய கார்டுகள் மக்கர் பண்ணும்போது அவர் செய்கிற வைத்தியம் அது. பலமுறை பலித்திருக்கிறது.

இந்தத் தடவை செருகியதும் கம்ப்யூட்டர் கேள்விகூடக் கேட்கவில்லை. கார்டு ஒன்று உள்ளே இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. அண்ணி வெளியே இழுத்தபோது விரலைச் சுட்டது.

"ரெண்டாவது ஓட்டையில ஒரு கார்டு இருக்கும்ல? ஒரே படம் ரெண்டுலயும் விழும்னு சொல்லித்தான இந்த கேமராவையே வாங்குனீங்க."

அவர் கேமராவின் கார்டு மூடியைத் திறந்து மூடினார்.

"கேக்கறேன்ல."

"ரெண்டு கார்டு போட்டா கேமரா மூச்சு வாங்குது. கடகடன்னு எடுக்க முடியல. எடுத்து வச்சிட்டேன்."

"எப்போ?"

"எப்பவோ."

அந்த இரண்டாவது கார்டு டிராயரில் ரப்பருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. சுத்தமாக, காலியாக. நல்ல கம்பெனிக் கார்டு.

"எத்தன கல்யாணம் எடுத்திருக்கேன் இதுல. ஒரு நாள் தொந்தரவு குடுத்ததில்லயே. திடீர்னு எப்படிச் சாகும்?" என்றார் அவர், படிக்காத கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"சொல்லிட்டா சாகும்?" என்றாள் அண்ணி.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. வெளியே மழை ஷட்டர் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே சின்னவள் இருமினாள்.

"பிரிண்டுக்குப் போட்டிருக்கேன்னு சொல்லு" என்றார் அவர்.

"நீங்களே சொல்லுங்க."

அவரே சொன்னார். மிஷினில் மை தீர்ந்துவிட்டது என்றார். அடுத்த நாள் கரண்ட் சரியில்லை என்றார். அதற்கடுத்த நாள், நல்ல பேப்பர் வரட்டும், கண்ட பேப்பரில் போட்டால் வெளுத்துவிடும் என்றார். சின்னவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பொய் சொல்கிற ஆள் என்று அண்ணனை அவள் நினைத்ததில்லை. சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தாள்.

படம் வரும்வரை அவள் அண்ணியைப் பிடித்துக்கொண்டாள். கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கரண்டியால் கிளறிக்கொண்டே கேட்பாள்.

"மூக்கு யாரு சாயல் அண்ணி?"

"உன்ன மாதிரிதான். கொஞ்சம் சப்பை."

"முடி?"

"இருந்துச்சு. கறுப்பா, நெறைய."

"அழுதாளா?"

"இல்ல. தூங்கிட்டு இருந்தா."

மறுநாள் மறுபடியும் கேட்பாள். அண்ணியும் சொல்வாள். சொல்லும்போது அவளுக்கு வெள்ளைத் துணியும், துணியின் மடிப்பில் விழுந்த வெளிச்சமும், நர்ஸின் வளையல் இல்லாத கையும் தெளிவாகத் தெரியும். அந்தத் துணிக்கு நடுவே இருந்ததை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் பாத்திரத்துத் தண்ணீரில் முகம் பார்ப்பது போல ஆடும். அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"நேத்து சப்பை மூக்குன்னீங்க. இன்னைக்கு எடுப்பா இருந்துச்சுங்கறீங்க."

"பச்சக் குழந்தைக்கு மூக்கு ஒரு நேரம் ஒரு மாதிரிதான்டி இருக்கும்."

"நீங்க பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேன்."

"என்னத்தப் பாத்தீங்களோ" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டிரைவர் போன் பண்ணும்போதெல்லாம் அவனையும் கேட்டாள். அவன் நடுரோட்டில், இரைச்சலில், "அழகா இருந்தா" என்பான். அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியாது. லாரியைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வான்.

அண்ணி ஒரு நாள் கொல்லைப்பக்கம் போய் நின்று கிளீனருக்கு போன் போட்டாள். டிரைவர் பக்கத்தில் இருக்கிறானா என்று முதலில் கேட்டாள். டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில, அவரு வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி, போன்ல ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு எடுத்தேம்மா."

அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இருக்கா?"

"எங்க இருக்கு. ஜன்னல் வெளிச்சம் அடிச்சு வெறும் வெள்ளையா இருந்துச்சு. அப்பவே அழிச்சிட்டேன். பெரிய கேமராக்காரர் முன்னாடி நம்ம லட்சணம் எதுக்குன்னு. ஏம்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

"அண்ணன் எடுத்தது நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஸ்டுடியோக்காரர் பஸ் பிடித்து நகரத்துக்குப் போனார். அண்ணியும் கூடப் போனாள். அவர் தனியாகப் போனால் கேட்டதில் பாதியைத்தான் வந்து சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாடிப்படிக்கு அடியில், அழிந்த தகவல் மீட்டுத் தரப்படும் என்று போர்டு போட்ட கடை. உள்ளே பெரிய மீன் தொட்டி. கடைக்காரன் மீனுக்குத் தீனி தூவிக்கொண்டே கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க சார் வாங்கினீங்க?"

"எப்பவும் வாங்கற ஆளுகிட்டதான்."

"டூப்ளிகேட் சார். எழுத்து தடிமனா இருக்கு பாருங்க. மேல இருக்கறது கம்பெனி பேரு, உள்ள இருக்கறது குப்பை. இதுல எடுத்து வைக்கறதுக்கு மணல்ல எழுதி வைக்கலாம். ரப்பர் போட்டுத் தேச்சீங்களா?"

ஸ்டுடியோக்காரர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"லேசா" என்றாள் அண்ணி.

"அதனாலதான் போச்சா?" என்றார் அவர்.

"அதனாலயும் இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். இதெல்லாம் போகணும்னு முடிவு பண்ணிட்டா தொட்டாலும் போகும், தொடாட்டியும் போகும். வச்சிட்டுப் போங்க, பாக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க அவர் கடையில் உட்காரவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்களை அண்ணியே உட்கார வைத்து எடுத்தாள். வெட்டினாள், உறையில் போட்டுக் கொடுத்தாள். நடுநடுவே உள்ளே போய்ச் சின்னவளின் கட்டை அவிழ்த்து, நனைந்த துண்டை மாற்றிக் கட்டினாள். பால் ஊறுவது குறைந்து வந்தது. அது நல்லதா என்று கேட்டால் நல்லதுதான். ஆனால் சின்னவள் சாப்பாட்டையும் கூடவே நிறுத்திக்கொண்டிருந்தாள். ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினால் வாயில் வைத்தபடி மறந்துவிடுவாள். ஒரு நாள், "அப்படி ஒருத்தி பொறந்தாளா அண்ணி? நெசமா சொல்லுங்க. நீங்க எல்லாம் சேந்து ஒண்ணு சொல்றீங்க, எனக்கு வயித்துல தையல் மட்டும்தான் தெரியுது" என்றாள்.

அண்ணிக்கு அன்று முதன்முதலாகப் பயம் வந்தது.

மீன் தொட்டிக் கடைக்காரன் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து, சின்னவள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். முதலில் ஒரு வாத்தியாரின் பாஸ்போர்ட் படம் வந்தது. மூக்குக்குக் கீழே சாம்பல் நிறம். ஒரு டயர் கடைத் திறப்பு விழா முழுசாக வந்திருந்தது. ஒரு குறையும் இல்லை. முதலாளி ரிப்பனுக்கு முன்னால் கத்தரிக்கோலுடன் சிரித்தார், பக்கவாட்டில் நின்று சிரித்தார், மனைவியோடு சிரித்தார்.

"இவன் மூஞ்சி மட்டும் எதுக்கு இத்தன" என்றாள் அண்ணி.

ஆஸ்பத்திரியில் எடுத்ததில் ஒன்றே ஒன்று திறந்தது. மேலே ஒரு பட்டை அளவுக்கு ஜன்னல் திரைச்சீலையும், நர்ஸின் தலையில் குத்திய கிளிப்பும், அண்ணி பிடித்திருந்த வெள்ளை அட்டையின் முனையும் துல்லியமாக இருந்தன. வெளிச்சம் மிக நன்றாக அமைந்திருந்தது. அதற்குக் கீழே படத்தின் அடிவரை ஒரே சாம்பல் கட்டம்.

ஸ்டுடியோக்காரர் அந்தச் சாம்பலைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். சாம்பல் பெரிதானது.

"விடுங்க" என்றாள் அண்ணி.

"இரு."

"அதுல ஒண்ணுமில்ல. விடுங்க."

அவர் எழுந்து போய் ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லிரலாம்" என்றாள் அவள்.

"சொல்லிட்டு? எல்லாரையும் போன உள்ள வைக்கச் சொன்னது நான்தான்னும் சேத்துச் சொல்லவா? அவ புருஷன் கையில எடுத்து வச்சிருந்தான். நான்தான் தள்ளுன்னேன்."

அவளும்தான் கைப்பை ஜிப்பை மறுபடி மூடியிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மதியத்தில் அவர் அவளைக் கூப்பிட்டார். திரையில் ஒரு கைக்குழந்தை. வெள்ளைத் துணியில் சுற்றி, கண் மூடித் தூங்குகிறது. அதே ஆஸ்பத்திரியின் பச்சைச் சுவர். அவர் அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் படம் எடுத்துக் கொடுக்கிறவர். பழைய கோப்புகளில் அப்படி எத்தனையோ முகங்கள் உண்டு.

"இது எப்படி இருக்கு?" என்றார், ஏதோ கலர் சரியா என்று கேட்பது போல.

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"யாரு புள்ள இது?"

"யாரோ. ஊர விட்டே போயிட்டாங்க. எங்கயோ நல்லா வளந்துட்டு இருக்கும்."

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"மெதுவாப் பேசு. அவ நேத்து என்ன சாப்ட்டா, சொல்லு. முந்தாநாள்? இப்படியே போனா ஒண்ணுக்கு ரெண்டாப் போகும். பொறந்த பிள்ளைக்கு என்ன பெரிய அடையாளம்? எல்லாம் ஒண்ணு போலத்தான். நான் எடுத்துப் பாத்தவன், எனக்கே தெரியாது."

"அவ புருஷனுக்குத் தெரியும்."

"அவனுக்கா? ஆம்பளைக்கு எங்க தெரியும் குழந்தை முகம். வண்டி நம்பர் கேளு, சொல்லுவான்."

"நான் இதுல கை வைக்க மாட்டேன்."

"வைக்க வேணாம். துணியில ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு கட்டியிருக்கு. பேரு எழுதியிருக்கு. அத மட்டும் எடுத்துக் குடு. எனக்கு வராது."

அவள் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளறையில் சின்னவள் கையால் தையலைப் பொத்தியபடி படுத்திருந்தாள். அவளுக்கு வைத்திருந்த முட்டையில் எறும்பு ஏறியிருந்தது. அண்ணி அதைத் தட்டிவிட்டு, முட்டையைக் கொட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்தாள். சீட்டை எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. துணியின் மடிப்பை இழுத்து அதன் மேல் மூடினாள். பழகிய கை.

சின்னவள் படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். அண்ணன் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"மூக்கு சப்பை இல்லியே" என்றாள் சின்னவள்.

"ம்."

"எடுப்பாவும் இல்ல. நீங்க சொன்ன ரெண்டுமே தப்பு." விரலால் படத்தைத் தொடாமல், காற்றிலேயே காது ஓரத்தை வரைந்தாள். "காது நம்ம வீட்டுக் காது. பாரு அண்ணா, உன் காது மாதிரியே மேல மடிஞ்சிருக்கு."

ஸ்டுடியோக்காரர் ஆமாம் என்றார். பிறகு கடைக்கு யாரோ வந்தது போலப் போய்விட்டார்.

"சிரிக்கறாளா, வாய அப்படி வச்சிருக்காளா?"

"தூக்கத்துல சிரிக்கும்" என்றாள் அண்ணி.

அன்று சின்னவள் சாப்பிட்டாள். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். சாப்பிட்ட பிறகு அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் அழுகை. அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவுகிற கை வேறு யாருடையதோ போல் இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள், தலை வாரினாள், அண்ணனைப் பார்த்து "வெளிச்சம் வியாபாரி, உருப்படியா ஒண்ணு எடுத்திருக்க" என்றாள். அவர் சிரிக்க முயன்றார். அதன் பிறகு அவர் வீட்டுக்குள் அதிகம் வருவதில்லை. சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவரச் சொன்னார்.

டிரைவர் வருகிற நாள் மழை விட்டிருந்தது. அண்ணி எல்லாத் துணியையும் வெளியே கொடியில் போட்டாள். அவன் ஒரு வாடகை வண்டியில் வந்து இறங்கினான். முகமெல்லாம் ரோட்டுப் புழுதி. கையில் பழப் பை. சின்னவள் பெட்டி கட்டித் தயாராக இருந்தாள். அவனை உட்காரக்கூட விடவில்லை.

"பாக்கலைல நீங்க? இந்தாங்க."

அவன் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினான். நின்றபடியே பார்த்தான். அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் புருவம் சுருங்கியது. படத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் சிரித்த முகமாக, கழுத்தைச் சாய்த்து, அவன் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தாள்.

"நல்லாருக்கா" என்றான்.

"யாரு சாயல்?"

"உன் சாயல்தான்."

"காதப் பாருங்க."

"பாத்தேன்." படத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, "முகம் கழுவிட்டு வரேன்" என்று கொல்லைப்பக்கம் போனான்.

அண்ணி துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அவன் குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் குனிந்து நின்றான். தண்ணீர் கல்லில் விழுந்து ஓடியது.

"அக்கா, அது யாரு புள்ள?"

அவள் துண்டை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"கார்டு கெட்டுப் போச்சு" என்றாள். "எங்கெங்கயோ குடுத்துப் பாத்தோம். ஒண்ணும் வரல. அவ சோறு தண்ணி எறக்காம கெடந்தா. அப்படி ஒருத்தி பொறந்தாளான்னே கேட்டா. அதான் உங்க மச்சான்…"

"ம்."

"நானும்தான்."

அவன் தலையை ஆட்டினான். கோபம் வந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. நாலு வார்த்தை கத்தினால் வாங்கிக்கொள்ளலாம்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. அவகிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லி என்ன ஆகப் போகுது." தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். "எனக்கு இருந்துச்சு. படம் கிடம் இல்லாமயே இருந்துச்சு. வண்டி ஓட்டறப்ப ரோட்டையும் பாப்பேன், அவளையும் பாப்பேன். புருவமே இருக்காது. வாய் மட்டும் பெருசு. கோவக்காரி மாதிரி மூஞ்சிய வச்சிருந்தா. கிளீனர்கூடச் சொன்னாரு, இது உன்ன மிரட்டப் போகுதுடான்னு."

கண்ணை மூடினான். ஈரம் சொட்டச் சொட்ட அப்படியே நின்றான்.

"இப்ப வரல" என்றான்.

"என்ன வரல?"

"இப்ப கண்ண மூடுனா அந்தப் படத்துல இருக்கறதுதான் வருது. சிரிச்சிட்டு."

"ரெண்டு நாள் போனா வந்துரும்" என்றாள் அண்ணி.

"வந்துருமா?"

அவள் குழாயை மூடினாள். அவன் துண்டை வாங்கி முகத்தை அழுந்தத் துடைத்தான், தோல் சிவக்கிற அளவுக்கு.

கிளம்பும்போது ஸ்டுடியோக்காரர் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரையோ உட்கார வைத்து, "தாடையத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். கண்ணச் சிமிட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. சின்னவள் சுவரைத் தட்டி, "போயிட்டு வரேண்ணா" என்றாள். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு, "சரிம்மா, பாத்துப் போ" என்றார்.

டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். சின்னவள் பக்கவாட்டுக் கதவுப் படியில் இறங்கி, திரும்பி நின்றாள். மார்போடு அணைத்த கைப்பைக்குள் படம் இருந்தது. அண்ணியின் கையைப் பிடித்து, அண்ணனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அண்ணி, இது கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? அவன நம்பாதீங்க. நீங்களே ரெண்டு எடத்துல போட்டு வைங்க. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கணும்."

"வைக்கறேன்."

"மறந்துராதீங்க."

"மறக்க மாட்டேன்."

வண்டியின் கதவைத் திறந்து டிரைவர் பெட்டியை உள்ளே தள்ளினான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. சின்னவள் சந்துமுனைவரை போய்க் கையை ஆட்டினாள். அண்ணியும் ஆட்டினாள். வண்டி நகர்ந்ததும் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளைப் போட்டாள், கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள். பட்டப்பகலில் அந்தக் கதவை யாரும் பூட்டுவதில்லை. அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டினாள்.